புல்வெட்டும் குட்டி டிராக்டர்

ஒஹையோ புறநகரில் கோடைச் சனிக்கிழமைகளில் பனி ஈரம் காய்ந்த பிறகுதான் குட்டி டிராக்டர்கள் வெளியே வரும். ஈரப் புல், கத்திகளை மூடியிருக்கும் தகர மூடிக்கு அடியில் சேறாக அப்பிக்கொள்ளும். பக்கத்து வீட்டுப் பெரியவர் கிளம்புவதைப் பார்ப்பதே ஒரு சுகம். முதலில் புல்வெளியை நடந்தே சுற்றி, சுள்ளி, கல், பேரனின் பந்து எல்லாவற்றையும் பொறுக்குவார். பிறகுதான் சாவி. மஞ்சள் குமிழை இழுத்ததும் வண்டியின் வயிற்றுக்கடியில் கத்திகள் சுழலும். அந்த நொடியில் எஞ்சின் சத்தம் சற்றே தாழ்ந்து, கனத்து, மறுபடி நிமிரும். நாகஸ்வரத்தோடு ஒத்து சேர்ந்துகொள்வதைப் போல. எனக்குப் பிடித்த இடம் அதுதான்.

ஓரமாக இரண்டு சுற்று. அப்புறம் நேர்க்கோடு, போன தடத்தின் விளிம்பைக் கொஞ்சம் தொட்டபடி அடுத்த தடம். நம்மைவிட்டு அப்பால் சாய்ந்த புல் வெளிர் பச்சை, நம் பக்கம் சாய்ந்தது கரும்பச்சை. ஒரே புல்லில் இரண்டு கரை! சரிவில் குறுக்கே ஓட்டவே மாட்டார், நேராக ஏறி நேராக இறங்குவார். பின்னால் எடுப்பதற்கு முன் கத்தியை நிறுத்திவிட்டு, உடம்பை முழுக்கத் திருப்பிப் பார்ப்பார். கத்தி சுழலும்போது ஆள் எழுந்தால் எஞ்சின் தானே அணைந்துவிடும். இயந்திரத்துக்கும் அவரைப் போலவே கண்டிப்பு. தாத்தா மடியில் ஒரு சவாரிக்குப் பேரன் வாராவாரம் கெஞ்சுகிறான். வாராவாரம் ஒரே பதில்: கிடையாது.