தாச்சியின் அடியில் மிஞ்சுவது

வெந்த இறைச்சியைத் தட்டுக்கு மாற்றியதும் தாச்சியைக் கழுவப் போடுகிறவர்கள், அன்றைய இரவுச் சாப்பாட்டின் சிறந்த பகுதியைத் தண்ணீரோடு விட்டுவிடுகிறார்கள். அடியில் பழுப்பாக ஒட்டியிருக்கும் அந்தப் பொருக்கில்தான் வீட்டில் செய்யும் பிரெஞ்சுச் சமையலின் நேர்த்தி முழுவதும் இருக்கிறது என்பது என் கட்சி. முக்கால் மணி நேரத்துக்குள் விருந்தாளி முன் வைக்கத்தக்க சாப்பாடு அமைய வேண்டுமென்றால் நான் நம்புவது அதை மட்டும்தான். முன்னுணவும் சீஸும் பழமும் தேர்ந்து வாங்கும் வேலை. சமையல் என்று சொல்லத்தக்கது கடைசி நாலைந்து நிமிடத்தில், காலியான தாச்சியில் நடப்பது.

இதில் நான் கண்ட பெரிய கை என் சித்தப்பாவுடையது. பரிஸின் பதினோராம் வட்டாரத்தில் ஒரு சின்ன உணவகத்தின் குசினியில் வேலை செய்தவர். அந்த நாட்களில் யாழ்ப்பாணத்திலிருந்து இங்கே வந்த எத்தனையோ பேரைப் போலப் பாத்திரம் கழுவும் தொட்டியடியில் தொடங்கி, பிறகு காய் வெட்டி, கடைசியில் சாஸ் அடுப்புக்கு வந்து சேர்ந்தவர். ஓய்வு நாளில் வீட்டுக்கு ஆட்கள் வந்தால் அவர்தான் சமைப்பார். ஆணத்துக்குச் சித்தி, சாஸுக்கு அவர். வைனை ஊற்றியதும் மர அகப்பையால் அடியை ஒருமுறை நன்றாக வழித்துவிடுவார். அதற்குப் பிறகு அகப்பைக்கு வேலை இல்லை. கைப்பிடியைப் பிடித்து, மணிக்கட்டை மட்டும் அசைத்து, தாச்சியைத் தட்டையாகச் சுழற்றிக்கொண்டே இருப்பார். தோள் அசையாது. முழங்கை விலாவோடு ஒட்டியிருக்கும். தாச்சி அடுப்பை விட்டு உயராது. உள்ளே திரவம் மட்டும் விளிம்பைத் தொட்டுத் தொட்டு வட்டமாக ஓடும். போட்ட வெண்ணெய்க் கட்டி அந்த ஓட்டத்திலேயே சுற்றிச் சுற்றிக் கரைந்து காணாமற் போகும்.

அவர் பார்த்ததைவிடக் கேட்டது அதிகம். “கரண்டியைக் கீழ வை. சத்தத்தைக் கேள் பிள்ளை,” என்பார். வைன் விழுந்ததும் எழும் சீறல், பிறகு மெல்லிய கொதி. நீர் வற்ற வற்றக் குமிழிகள் பெரிதாகி, மெதுவாகி, சத்தம் தடிக்கும். “இப்ப மாறிட்டுது, கேட்டனியோ?” அந்தக் கணத்தில் அடுப்பை அணைப்பார். நிமிடக் கணக்குச் சொல்லும் சமையற்குறிப்புகள் எனக்குப் பிடிபடாமற் போனதற்கு அவரே காரணம். தாச்சியின் அகலம் இரண்டு விரல் கூடினாலே கணக்கு மாறிவிடும். சத்தம் மாறாது.

நல்ல பொருக்குக்கு முதல் நிபந்தனை, ஈரம் ஒற்றியெடுத்த இறைச்சி. மேற்பரப்பில் தண்ணீர் இருக்கும்வரை சூடு 100 பாகையைத் தாண்டாது. லூயி காமிய் மாய்யார் 1912இல் எழுதிய, இறைச்சியைப் பழுப்பாக்கும் வினை சுறுசுறுப்பாக நடக்க 140 பாகையளவு வேண்டும். ஆகவே துண்டுகள் ஒன்றையொன்று முட்டாத அகலமான தாச்சி, விரல் தடிப்புக்குத் தட்டிய கோழி நெஞ்சு, கொஞ்சம் எண்ணெய், பொன்னிறம் வரும்வரை தொடாமல் விடும் பொறுமை. பக்கத்துக்கு நான்கு நிமிடம் போதும். துண்டை எடுத்துத் தட்டில் வைத்ததும் கொழுப்பில் ஒரு கரண்டி மட்டும் விட்டு மிச்சத்தை வடித்துவிட வேண்டும். பொடியாக அரிந்த சின்ன வெங்காயம், நிறம் மாறாமல் ஒரு நிமிடம். அரை கிளாஸ் வெள்ளை வைன், மூன்றில் ஒரு பங்காகும் வரை. அவ்வளவு தண்ணீரோ கோழிச்சாறோ, அதுவும் பாதியாகும் வரை. தட்டில் இறைச்சி விட்டிருக்கும் சாற்றையும் இதில் ஊற்றாமல் விடக்கூடாது. பிறகு அடுப்பை அணைத்துவிட்டு, குளிர்ப்பெட்டியிலிருந்து அப்போதுதான் எடுத்த வெண்ணெய், 40 கிராம்.

குளிர்ந்த வெண்ணெய் என்பதை வலியுறுத்திச் சொல்கிறேன். பிரெஞ்சு வெண்ணெயில் 82 விழுக்காடு கொழுப்பு, மிச்சத்தில் பெரும்பகுதி தண்ணீர், கொஞ்சம் பாற்புரதம். மெல்ல உருகினால் அந்தப் புரதம் கொழுப்புத் துளிகளைப் பிரியவிடாமல் பிடித்து வைக்கும். சாஸ் பளபளத்து, கரண்டியின் முதுகில் படிந்து நிற்கும். மறுபடி கொதிக்கவிட்டால் பிடி விட்டுவிடும். மேலே எண்ணெய், கீழே கலங்கிய தண்ணீர். பிரியத் தொடங்கும்போதே ஒரு கரண்டி குளிர்ந்த தண்ணீர் விட்டுச் சுழற்றினால் பெரும்பாலும் மீட்டுவிடலாம்.

இதன் தூய வடிவம் நாந்த் பக்கத்து பெர் ப்ளான். வினாகிரியில் வற்றிய வெங்காயமும் வெண்ணெயும் மட்டும், லோவார் நதி மீனுக்கு. 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் க்ளெமான்ஸ் லெஃபெவ்ர் என்ற சமையற்காரி பெர்னேஸ் சாஸ் செய்யப் போய் முட்டை மஞ்சளை மறந்ததில் பிறந்தது என்று அந்த ஊரில் கதை உண்டு. நான் அதை ஏற்பதில்லை. வெறும் வெண்ணெயைப் பிரியாமல் நிறுத்தத் தெரிந்த கை மறதியில் அதைச் செய்திருக்காது.

விரைவுச் சமையலுக்கு ஆசான் என்று நான் வைத்திருப்பது எதுவார் த பொமியானை. போலந்திலிருந்து வந்த அகதிக் குடும்பத்தில், பரிஸில் 1875இல் பிறந்தவர். பாஸ்டர் நிறுவனத்தில் ஆய்வாளராக இருந்துகொண்டே வானொலியில் சமையல் பேசியவர். 1930இல் வந்த அவருடைய ‘பத்து நிமிடச் சமையல்’ புத்தகத்தின் முதல் அறிவுரை எல்லாருக்கும் தெரிந்ததுதான். வீட்டுக்குள் நுழைந்ததும், தலையில் இருக்கும் தொப்பியைக்கூடக் கழற்றாமல், ஒரு பெரிய பானைத் தண்ணீரை அடுப்பில் ஏற்று. எதற்கென்று பிறகு யோசிக்கலாம். கொதிநீருக்கு வேலை வராமல் போகாது. அதைவிட எனக்குப் பெரிதாகப் படுவது அவர் வேகத்தை எதற்காகக் கேட்டார் என்பது. ஒரு மணி நேரத்தில் சாப்பிட்டு முடிக்க வேண்டியவன், கடைசியில் கோப்பியோடு நிதானமாக உட்கார நேரம் மிஞ்ச வேண்டும் என்றுதான். மேசையில் இருக்கும் நேரத்தை நீட்டுவதற்காக அடுப்படி நேரத்தைக் குறைத்தார். இன்று விரைவுச் சமையல் சொல்லித் தருகிறவர்கள் இந்த இரண்டாம் பாதியை விட்டுவிட்டார்கள்.

எஸ்கோஃபியே பக்கத்து ஆட்கள் இந்தத் தாச்சி சாஸை ஏழையின் சாஸ் என்பார்கள். அவருடைய 1903ஆம் ஆண்டுப் புத்தகமான ‘கீத் குலினேர்’ எழுப்பிய மாளிகையில் எல்லாமே நாள் முழுதும் காய்ச்சிய எலும்புச்சாற்றின்மேல் நிற்கிறது. அந்த மாளிகையை நான் மதிக்கிறேன். ஆனால் அது பத்துப் பேர் வேலை செய்யும் ஹோட்டல் குசினிக்காகக் கட்டியது. எல்லா இறைச்சிக்கும் அதே அடிச்சாறு போனால் எல்லாத் தட்டிலும் அதே ருசிதான் வரும். தாச்சியின் பொருக்கில் எழும் சாஸோ, பக்கத்துத் தட்டில் கிடக்கும் அந்தத் துண்டுக்கு மட்டுமே உரியது.

கிரீம் கட்சியோடு என் பிணக்கு இன்னும் மெல்லியது. நோர்மாந்திக்காரர்கள் கிரீம் இல்லாமல் எதையும் முடிக்கமாட்டார்கள். ஜூலியா சைல்டும் கோழி நெஞ்சை அப்படி முடிப்பதுண்டு. நல்ல கிரீம் எதையும் மன்னித்துவிடும். எனக்கு அதுதான் குறை. நன்றாக வற்றாத வைனும் கருகிய பொருக்கும்கூட அதற்குள் ஒளிந்துகொள்ளும். வெண்ணெய் ஒன்றையும் மறைக்காது. மாவு கரைத்து ஊற்றுகிறவர்களைப் பற்றி 1970களிலேயே கோ, மியோ என்ற விமர்சகர் இருவரும் அது வேண்டாம் என்று தீர்ப்புச் சொல்லிவிட்டார்கள். வாத்து நெஞ்சு கொண்டாடுகிறவர்களுக்கு ஒரு சொல்: அருமையான இறைச்சிதான், ஆனால் அது விடும் கொழுப்பு வெள்ளத்தில் பொருக்குக்கு இடமில்லை. அதைத் தனியே, உப்பு மிளகோடு சாப்பிடுங்கள்.

ஒட்டாத தாச்சி விஷயத்தில் ஒரே ஒரு விலக்குத் தருவேன். ரோவான் நகரத்து ட்ருவாக்ரோ சகோதரர்கள் சால்மனை மெல்லிய ஏடாக்கி, ஒட்டாத தாச்சியில் ஒரு நிமிடம்கூட வைக்காமல் எடுத்து, புளிக்கீரை சாஸின்மேல் வைத்தார்கள். அங்கே சாஸ் தனியாக, வெர்மூத்திலும் மீன்சாற்றிலும் பிறக்கிறது. பொருக்கு தேவையில்லாத சமையல் அது. மற்றபடி ஒட்டாத தாச்சியில் பிரெஞ்சு சாஸ் செய்யலாம் என்று சொல்கிறவரை நான் நம்பமாட்டேன். ஒட்ட வேண்டியது ஒட்டாவிட்டால் எதைக் கரைப்பது?

வைனுக்கு விலை பார்க்காதீர்கள், புளிப்புப் பாருங்கள். முஸ்கடே போதும். ஒருமுறை திறந்தால் வாரக்கணக்கில் கெடாத உலர் வெர்மூத், தனியாகச் சமைப்பவருக்கு இன்னும் வசதி. மது புழங்காத வீட்டில் பழுக்காத திராட்சையின் சாறு அதே வேலையைச் செய்யும். அதுவும் இல்லையென்றால் தண்ணீரும் கடைசியில் எலுமிச்சையும். சின்ன வெங்காயத்துக்கு லா ஷப்பேல் தமிழ்க் கடைகளில் கிடைப்பதையே வாங்குகிறேன். ருசியில் எனக்குக் குறை தெரியவில்லை.

மிச்ச மேசை தானாக அமையும். கதவைத் திறந்ததும் பொமியானின் தண்ணீர். அதில் சின்ன உருளைக்கிழங்கு, இருபது நிமிடம். சீஸை அப்போதே வெளியே எடுத்துவைக்க வேண்டும். குளிர்ந்த கமாம்பேர் வாயடைத்துக் கிடக்கும். கடுகு கூடிய வினேக்ரெத்தில் புரட்டிய எந்தீவும் வால்நட்டும் முன்னுணவு. இனிப்பைக் கடையில் வாங்குங்கள். பரிஸ்காரர்கள் அதற்கு வெட்கப்படுவதில்லை, அவர்கள் தெருமுனைக் கடைக்காரர் அவர்களைவிட நன்றாகச் செய்வார். பாண் வாங்கும்போது ‘த்ரதிஸ்யோன்’ என்று கேட்டு வாங்குங்கள். 1993 ஆணைப்படி அந்தப் பெயரில் விற்பதில் உறைய வைத்த மாவு கூடாது.

சித்தப்பாவின் கையை இப்போது உணவகங்களில் தேடுகிறேன். அகப்படுவது அரிது. அண்மையில் பெயருள்ள ஓர் இடத்தில் கன்று இறைச்சிக்கு வந்த சாஸ் தட்டு முழுதும் ஒரே தடிப்பில், ஒரே பளபளப்பில் இருந்தது. பக்கத்து மேசையில் வாத்துக்கும் அதுவேதான். பைக்குள் வந்து சுடுநீரில் சூடாகித் தட்டில் விழும் சாஸ். இந்தப் பழக்கம் எவ்வளவு பரவிவிட்டது என்பதற்கு 2014இல் அரசே ‘ஃபே மேஸோன்’ என்று, கூரை வைத்த தாச்சிச் சின்னம் ஒன்றைச் சட்டத்தால் கொண்டுவர நேர்ந்ததே சாட்சி. வீட்டுச் சமையல் போலக் குசினியிலேயே சமைத்ததென்று ஓர் உணவகம் சின்னம் குத்திச் சொல்ல வேண்டிய நிலை பிரான்சுக்கு வந்தது எனக்கு வருத்தம். உறைய வைத்த பச்சைப் பொருளில் சமைத்ததற்கும் அந்தச் சின்னம் பொருந்தும் என்பது அடுத்த வருத்தம்.

கோழியும் கெட்டுவிட்டது. மலிவாக விற்கும் நெஞ்சுத் துண்டு தாச்சியில் விழுந்த இரண்டாம் நிமிடமே தண்ணீர் விட்டு, தன் தண்ணீரிலேயே அவிகிறது. ஆறு வாரம்கூட வளராத பறவையில் பொருக்குக்கு என்ன இருக்கும்? ‘லாபெல் ரூஜ்’ முத்திரை பெற்ற கோழி குறைந்தது 81 நாள் வளர்ந்தது. விலை கூடத்தான். வாரத்தில் இரண்டு நாள் மலிவான கோழி சாப்பிடுவதற்குப் பதில் ஒரு நாள் இதைச் சாப்பிடுங்கள் என்றுதான் கேட்பவர்களுக்கெல்லாம் சொல்கிறேன்.

சித்தப்பா ஓய்வு பெற்றுவிட்டார். தோள்வலியால் இப்போது அடுப்படிக்கு வருவதில்லை. அவர் பாவித்த இரும்புத் தாச்சி என்னிடம் இருக்கிறது. அப்படி ஒன்றை இன்றும் உணவகப் பாத்திரக் கடைகளில் அதிக விலையில்லாமல் வாங்கலாம். 28 சென்டிமீட்டர் அகலத்தில் வாங்குங்கள், முதல் மாதம் அதில் சவர்க்காரம் படவிடாதீர்கள். அடுத்த முறை வீட்டுக்கு யாராவது வரும்போது, இறைச்சியைத் தட்டுக்கு மாற்றியபின் அடுப்படியை விட்டு நகராமல் இன்னும் நான்கு நிமிடம் நில்லுங்கள்.