பெக் கிழவி சொன்ன கதை

ஒரு தாயாரின் வாழ்க்கையை அவள் பெற்ற பிள்ளையே எழுதுவது சங்கடமான காரியம். எழுதுகிறவனுக்கு மட்டுமல்ல, சொல்லுகிறவளுக்கும்தான். எந்தத் தாய் தன் மகனிடம் எல்லாவற்றையும் சொல்லிவிடுவாள்? பெக் சேயர்ஸ் என்ற ஐரிஷ் கிழவியின் சுயசரிதையை இரண்டாம் தடவை படித்து முடித்தபோது எனக்குத் தோன்றிய கேள்வி இது. முதல் தடவை தோன்றவில்லை. அப்போது அவளுடைய பக்தியிலும் துக்கத்திலும் மனசு கரைந்து, 'பாவம், மகராசி' என்று புத்தகத்தை மூடி வைத்துவிட்டேன். அது அந்தப் புத்தகத்துக்கு நான் செய்த அநியாயம் என்று இப்போது படுகிறது.

புத்தகத்தின் பெயரே 'பெக்' தான். 1936-ல் ஐரிஷ் மொழியில் வெளிவந்தது. எனக்கு ஐரிஷ் தெரியாது. 1974-ல் பிரையன் மக்மஹன் செய்த ஆங்கில மொழிபெயர்ப்பில்தான் படித்தேன். ஆகவே நடையைப் பற்றி நான் ஏதாவது சொன்னால் வாசகர்கள் அதைக் கொஞ்சம் குறைத்தே எடுத்துக்கொள்ள வேண்டும்.

அயர்லாந்தின் மேற்குக் கோடியில், கெரி மாவட்டத்தில், அட்லாண்டிக் சமுத்திரத்தைப் பார்த்துக்கொண்டு நிற்கும் டன்குவின் என்ற ஊரில் 1873-ல் பிறந்தவள் பெக். அங்கிருந்து பார்த்தால் எதிரே பெரிய பிளாஸ்கெட் தீவு தெரியும். 1892-ல் அந்தத் தீவுக்கு வாழ்க்கைப்பட்டுப் போனாள். 50 வருஷம் அங்கே குடித்தனம் செய்தாள். 11 குழந்தைகள் பிறந்தன, 6 தங்கின. 1942-ல் மறுபடியும் கரைக்கே வந்து சேர்ந்தாள். 1958 டிசம்பரில் டிங்கிள் என்ற பக்கத்து நகரத்து ஆஸ்பத்திரியில், 85-வது வயசில், கண் போய், கடைசி வரையில் வந்தவர் போனவரிடம் கதை சொல்லிக்கொண்டிருந்து இறந்துபோனாள்.

தீவில் கோவில் கிடையாது. சாமியார் கிடையாது. வைத்தியர் கிடையாது. பூசை காண வேண்டுமென்றால் கித்தான் போர்த்துத் தார் பூசிய படகில் கடலைத் தாண்டிப் போக வேண்டும். கடல் வழி விடாத ஞாயிற்றுக்கிழமைகளில் வீட்டிலேயே முழந்தாளிட்டுச் செபமாலை சொல்லுவார்கள். அவள் பக்தியைப் பற்றிப் பேசுகிறவர்கள் இதை மறந்துவிடக் கூடாது. கோவில் மணி ஓசையில் வளர்ந்த பக்தியல்ல அது. கோவில் எட்டாத இடத்தில் குடும்பத்தாரே கட்டிக் காப்பாற்றிக்கொண்ட பக்தி.

பெக் படித்த பள்ளிக்கூடத்தில் ஆங்கிலம்தான் சொல்லிக் கொடுத்தார்கள். தாய்மொழியில் அவளுக்குப் பேசத்தான் வரும், எழுத வராது. டப்ளினிலிருந்து தீவுக்கு வந்துபோய்க்கொண்டிருந்த மாய்ரா நீ கின்னேடா என்ற அம்மாள், 'உன் கதையை நீயே சொல்லு' என்று விடாமல் தூண்டியிருக்கிறாள். அமெரிக்காவுக்குப் போய்த் திரும்பியிருந்த மகன் மீஹால் பக்கத்தில் உட்கார்ந்து எழுதினான். அந்த அம்மாள் அதைப் பதிப்பித்தாள். ஆக, சொன்னது தாய், எழுதியது பிள்ளை, செப்பனிட்டது பட்டணத்து அம்மாள். மூன்று கை பட்ட புத்தகம்.

நல்ல பகுதி எது என்று கேட்டால் தயங்காமல் முதல் பாதி என்பேன். பதினாலு வயசுக்குள் டிங்கிளுக்கு வேலைக்காரியாகப் போகிறாள். அங்கே நல்ல எஜமானர்கள். அப்புறம் இன்னொரு வீடு. அங்கே வேலை முறிகிறது. காட் ஜிம் என்று அவளுக்கு ஒரு சிநேகிதி. அமெரிக்காவுக்குக் கப்பலேறும்போது, 'உனக்கும் கப்பல் காசு அனுப்புகிறேன்' என்று சொல்லிவிட்டுப் போகிறாள். பெக் காத்திருக்கிறாள். கடைசியில் வருவது காசல்ல, சேதி: கையில் அடிபட்டுவிட்டது, சம்பாதிக்க முடியவில்லை என்று. ஒரு பெண்ணின் ஜாதகமே அந்த ஒரு சேதியில் மாறிவிடுகிறது. அமெரிக்காக்காரியாகியிருக்க வேண்டியவள் தீவுக்காரியானாள். இதைச் சொல்லும்போது கிழவி அழவில்லை. சிநேகிதியைக் குறை கூறவும் இல்லை.

கல்யாணப் பேச்சு வருகிற இடம் இன்னும் பிரமாதம். ஓர் இரவு மூன்று ஆண்கள் பாட்டிலோடு வீட்டுக்குள் வருகிறார்கள். மூவரில் யார் தன்னைக் கேட்டு வந்தவன் என்று பெண்ணுக்குத் தெரியாது! அப்பா கேட்கிறார், சரி என்கிறாள். பிறத்தியார் வீட்டில் மறுபடி ஏவலுக்கு நிற்பதைவிட இது மேல் என்ற கணக்கு அவள் மனசில் ஓடுகிறது. கணக்கு என்றேன், வேறு வார்த்தை போட மனம் வரவில்லை. தியாகம், விதி என்றெல்லாம் அவளே சொல்லாதபோது நான் சொல்லுவானேன்? ஒரு நாவலாசிரியன் கையில் இந்தக் கட்டம் கிடைத்திருந்தால் இருபது பக்கம் உருகியிருப்பான். நானும்தான்.

இதற்குள் புத்தகத்தில் பாதிக்கு மேல் ஆகிவிடுகிறது. ஒரு தாயின் சரித்திரம் என்று உலகம் கொண்டாடுகிற புத்தகத்தில் பெரும் பகுதி அவள் தாயாவதற்கு முந்தைய கதை! வேலைக்காரியாக இருந்த சில வருஷங்களுக்கு இத்தனை அத்தியாயங்கள். இல்லத்தரசியாக இருந்த 50 வருஷத்துக்கு மிச்சமிருக்கிற கொஞ்ச இடம். 11 பிரசவம். ஒவ்வொன்றையும் தனியே சொல்லவில்லை. புருஷன் பாட்ரிக் நல்லவன் என்று தெரிகிறது. அதற்கு மேல் அவன் முகம் தெரிவதில்லை.

ஏன் இப்படி? மகன் எழுதினான், அதனால் தாய் நாக்கைக் கட்டிக்கொண்டாள் என்று முதலில் நினைத்தேன். ஓரளவு அது நிஜமாகவே இருக்கும். ஆனால் அதே தீவைச் சேர்ந்த தொமாஸ் ஓ கிரிஹன் என்ற மீன்பிடிக்கிற கிழவர், 1929-ல் வெளியான தம் 'தீவுக்காரன்' என்ற சுயசரிதையைத் தம் கையாலேயே எழுதினார். அவரும் தம் குழந்தைகளின் சாவைச் சுருக்கமாகவே சொல்லிவிட்டுக் கடலுக்குப் போய்விடுகிறார். துக்கத்தை நீட்டிச் சொல்லுவது அந்த ஊர் வழக்கமில்லை போலிருக்கிறது. ஆகவே மகன் மேல் முழுப் பழியையும் போட முடியாது.

எனக்கு இன்னொரு காரணம் தோன்றுகிறது. எங்கம்மாவிடம் ஒரு தரம், 'கல்யாணமாகி வந்த புதுசில் எப்படியம்மா இருந்தது?' என்று கேட்டேன். 'எப்படி இருக்கும்? சமைச்சேன், நீங்க சாப்பிட்டீங்க' என்றாள். அவள் மறைக்கவில்லை. சொல்லுவதற்குச் சம்பவம் இல்லை என்பது அவள் எண்ணம். தினம் தினம் நடக்கிற ஒன்றைக் கதையாகச் சொல்ல முடிவதில்லை. அது நின்றுபோகிற அன்றைக்குத்தான் கதை பிறக்கிறது.

பெக் கிழவியின் இல்லறத்திலும் அப்படி ஒரு நாள் வருகிறது. 1920-ல் மகன் தொமாஸ் அடுப்பெரிக்கச் செடி பிடுங்க மலைக்குப் போனவன், செங்குத்துப் பாறையிலிருந்து விழுந்து செத்துப் போகிறான். புருஷன் சீக்காளியாகப் படுத்திருக்கிறான். பிள்ளையை வீட்டுக்குக் கொண்டுவருகிறார்கள். மண்டை உடைந்திருக்கிறது. பார்க்க வருகிறவர்களுக்கு முன்னால் அந்த உடலைக் கிடத்தியாக வேண்டும். அந்த வேலையைத் தாயே செய்கிறாள். மாதா சுரூபத்தை எடுத்துப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, தன் கையால் பிள்ளையின் தலையைக் கழுவிச் சீர்ப்படுத்துகிறாள்.

இந்தப் பக்கத்துக்காகவே புத்தகத்தைப் படிக்கலாம். 'தேவ சித்தம்' என்று சொல்லி ஒடுங்கி உட்கார்ந்த ஒருத்தியாகத்தான் பெக்கைப் பலரும் காட்டியிருக்கிறார்கள். இங்கே அவள் உட்காரவில்லையே! கைகள் வேலை செய்கின்றன. வீடு பெருக்குவதும் ரொட்டி சுடுவதும் குழந்தையைக் குளிப்பாட்டுவதுமாக ஆயுசு முழுக்கப் பழகிய கைகள். மாதாவை அவள் கூப்பிடுவது ஆறுதலுக்கு அல்ல, ஒத்தாசைக்கு. பக்கத்து வீட்டுக்காரியைக் கூப்பிடுகிற மாதிரி. சொல்லாமல் விட்ட அத்தனை வருஷத்துக் குடித்தனமும் இந்த ஒரு பக்கத்தில் வந்துவிடுகிறது என்பது என் அபிப்பிராயம்.

பிறகு நடந்ததுதான் வேடிக்கை. புத்தகம் வந்தது 1936. மறு வருஷம், 1937-ல், அயர்லாந்து ஒரு புதிய அரசியல் சட்டத்தை ஏற்றுக்கொண்டது. அதன் 41-ம் ஷரத்து, பெண் வீட்டுக்குள் வாழும் வாழ்க்கையால் ராஜ்யத்துக்கு ஆதரவாக இருக்கிறாள் என்று சொல்லுகிறது. பணமுடையால் தாய்மார் வீட்டுக் கடமையை விட்டுவிட்டு வெளி வேலைக்குப் போக நேராதபடி ராஜ்யம் முயல வேண்டும் என்றும் சொல்லுகிறது. (2024 மார்ச்சில் இதை மாற்ற ஜன வாக்கெடுப்பு நடத்தினார்கள், ஜனங்கள் மறுத்துவிட்டார்கள்.) அந்த ராஜ்யத்துக்கு ஒரு மாதிரித் தாய் வேண்டியிருந்தது: ஏழை, பக்தை, ஐரிஷ் பேசுகிறவள். பெக் கிழவி அகப்பட்டாள். வெட்டித் திருத்திய பதிப்பு பள்ளிக்கூடப் பாடமாயிற்று. பல பத்தாண்டுகள் ஐரிஷ் மாணவர்கள் அவளை மனப்பாடம் செய்தார்கள், அவளை வெறுத்தார்கள். அவள் பெயரைச் சொன்னாலே சிரிக்கிறவர்களும் முகம் சுளிக்கிறவர்களும் அந்த நாட்டில் இன்றும் உண்டு. பரீட்சைக்குப் படித்த எந்தப் புத்தகத்தை நாம் மன்னித்திருக்கிறோம்?

அவளுடைய வீட்டுக்கு ராஜ்யம் என்ன செய்தது என்று யாரும் கேட்கவில்லை. தங்கிய பிள்ளைகள் பிழைப்புக்காக அமெரிக்காவுக்குக் கப்பலேறினார்கள். தாய் ஒருத்தியின் கடமையெல்லாம் பிள்ளைகளை வளர்த்துக் கடல் தாண்டி அனுப்பிவிட்டுக் கணப்போடு மிஞ்சுவதில் போய் முடிந்தது. 1953-ல் தீவையே காலி செய்துவிட்டார்கள். பாடப் புத்தகம் போட்டவர்கள் இந்தப் பகுதியை எப்படி விளக்கினார்களோ!

இன்னொரு பெக்கும் உண்டு. சுங்கானில் புகையிலை பிடித்துக்கொண்டு, ராத்திரி கணப்பைச் சுற்றி உட்கார்ந்தவர்களுக்கு ராஜா கதையும் பேய்க் கதையும் சொன்னவள். ஷோசப் ஓ டாலி என்பவர் அவளிடமிருந்து சுமார் 350 கதைகளை எழுதி எடுத்திருக்கிறார். 1947-ல் அவள் குரலையே ஒலிப்பதிவும் செய்திருக்கிறார்கள். 2009-ல் அது எழுத்திலும் குரலிலுமாகப் புத்தகமாக வந்தது. சுயசரிதையில் இல்லாத கலகலப்பு இந்தக் கதைசொல்லியிடம் இருக்கிறது. அந்நியருக்கு, அதுவும் ஊர் உலகத்துக் கதையைச் சொல்லும்போது வாய் திறக்கிற தாய், தன் கதையைப் பிள்ளைக்குச் சொல்லும்போது அடக்கிக்கொள்கிறாள். இதில் எனக்கு ஆச்சரியமில்லை. வருத்தம் மட்டும் உண்டு: மருமகளோ பேத்தியோ உட்கார்ந்து எழுதியிருந்தால் அந்த 50 வருஷத்துக்கு இன்னும் நாலு அத்தியாயமாவது கிடைத்திருக்கும்.

புதிதாகப் படிக்கப் போகிறவர்களுக்கு ஒரு யோசனை. தன் முதுமையையும் சாவையும் பற்றிக் கிழவி பேசுகிற தொடக்கத்தைப் பார்த்துப் பயந்து புத்தகத்தை வைத்துவிடாதீர்கள். பள்ளிக்கூடப் பிள்ளைகள் அங்கேதான் மிரண்டார்கள். அதைத் தாண்டி, அந்தப் பெண் டிங்கிளுக்கு வேலைக்குக் கிளம்புகிற இடத்துக்குப் போய்விடுங்கள். அங்கிருந்து கல்யாணம் வரையில் ஒரே மூச்சில் படித்துவிடலாம். அதற்கப்புறம் வருகிறதை மட்டும் மெள்ளப் படியுங்கள்.