தொலைக்கல்வியில் மதிப்பீடு: ஒரு விமரிசன நோக்கு

கற்பித்தலினின்றும் பரீட்சையைப் பிரித்து நோக்கும் வழக்கம் இலங்கையின் உயர்கல்வி மரபில் ஆழ வேரூன்றியதாகும். 1921 இல் தோன்றிய பல்கலைக்கழகக் கல்லூரி, 1942 இல் இலங்கைப் பல்கலைக்கழகம் நிறுவப்படும் வரை, தன் மாணவரை இலண்டன் பல்கலைக்கழகத்தின் வெளிவாரிப் பட்டங்களுக்கே ஆயத்தஞ் செய்தது. கற்பித்தவர் இங்கிருக்க, பட்டம் வழங்கியோர் கடல் கடந்திருந்த அம்முறையில் மண்டபத்தில் எழுதும் பரீட்சையே மாணவரை அளக்கும் கோலாயிற்று.

2020 மார்ச்சில் கொள்ளைநோயாற் பல்கலைக்கழகங்கள் மூடப்பட்டபோது விரிவுரைகள் இணையவழிக்கு மாறின. மதிப்பீடு பற்றிய சிந்தனையோ அத்துணை விரைவில் மாறவில்லை. பரீட்சை மண்டபத்தையே வீட்டுக்குள் அமைக்கும் முயற்சிகள் நிகழ்ந்தன. வினாவும் கால வரையறையும் பழையனவே. மேற்பார்வையாளரின் இடத்திற் கமரா வந்தது.

இம்முயற்சி இருவகையிற் குறையுடையது. முதலாவது நீதி பற்றியது. தனியறையும் கணினியும் உடையவரும், கைத்தொலைபேசியின் சிறு திரையில் வினாத்தாளைப் படிப்பவரும் ஒரே கால அளவினுள் விடையளிக்க வேண்டியவராகின்றனர். 2022 மார்ச் இறுதியில் நாளொன்றுக்கு 13 மணி நேரம் வரை மின்வெட்டு நிலவிய நாட்டில் இவ்வேறுபாடு சிறிதன்று. இரண்டாவது, அளக்கப்படும் பொருள் பற்றியது. 'சிறுகுறிப்பு வரைக' என்னும் வினா பெரிதும் நினைவாற்றலைச் சோதிப்பது. நூல் அருகிலிருக்கையில் அது எதனையும் சோதிப்பதில்லை.

மாற்று வழிகள் புதியனவல்ல. 1971 இல் முதல் மாணவரைச் சேர்த்த பிரித்தானியத் திறந்த பல்கலைக்கழகம், ஒப்படைகளுக்குப் புள்ளியோடு எழுத்துமூலக் கருத்துரையும் வழங்கும் முறையைப் பேணியது. 1980 இல் நிறுவப்பட்ட இலங்கைத் திறந்த பல்கலைக்கழகமும் தொடர் மதிப்பீட்டுக்கு இடமளித்துள்ளது. எனினும், ஒப்படையை எழுதியவர் மாணவர்தாமா என்னும் ஐயம் என்றும் உள்ளது. 2022 நவம்பரில் சட்ஜிபிடி வெளிவந்தபின் அது மேலும் வலுப்பெற்றது.

இவ்வையத்துக்கு விடை கண்காணிப்பன்று, வினாவை மாற்றுதலே. நாட்டார் பாடலை வரைவிலக்கணப்படுத்துமாறு கேட்பதை விடுத்து, தம்மூர் முதியவரிடம் ஒரு தாலாட்டைக் கேட்டெழுதி, அச்சிலுள்ள வடிவத்தோடு ஒப்பிடுமாறு கேட்கலாம். தொடர்ந்து பத்து நிமிட வாய்மொழித் தேர்வு நடத்தின், எழுதியவரின் விளக்கம் புலனாகும். அதற்குச் சாதாரணத் தொலைபேசி அழைப்பே போதும்.

இதனால் விரிவுரையாளரின் சுமை பெருகும். தற்சார்பும் புகக்கூடும் என்பது தகுந்த ஆட்சேபமே. புள்ளித்திட்டத்தை முன்கூட்டியே அறிவித்தலும், இரண்டாம் பரீட்சகரை நியமித்தலும் தற்சார்பைக் குறைக்கும். சுமையைக் குறைப்பதற்கோ போதிய ஆசிரியர் வேண்டும். அதற்கான செலவை ஏற்காது கமராவை மட்டும் நாடும் பல்கலைக்கழகம், மாணவரின் நேர்மையை ஐயுறுமளவுக்குத் தன் வினாக்களின் தகுதியை ஐயுறவில்லை எனலாம்.