மெல்லியக்கத்தின் கவர்ச்சி: பரிசோதனைக் குறும்படங்கள் பற்றிய ஒரு குறிப்பு

மெல்லியக்கம் எனும் உத்தி அடிப்படையில் ஓர் எளிய கணக்கே. விநாடிக்கு 48 சட்டகங்கள் வீதம் பதிந்ததை 24 வீதம் திரையிடின் நிகழ்வு இருமடங்கு நீளும். 240 சட்டகங்கள் பதியும் கைத்தொலைபேசிகள் இன்று இளைஞர் கைகளில் உள்ளன; ஒரு விநாடியைப் பத்து விநாடியாக்கலாம். பிலிமின் விலை முன்னர் விதித்த சிக்கனம் இப்போது இல்லை. எனவே எதை மெதுவாக்குவது என்பது முழுக்கவும் கலைஞனின் பொறுப்பாகின்றது.

ஜோன் விகோவின் ‘ஒழுக்கத்துக்குப் பூச்சியம்’ (1933) படத்தில், விடுதிச் சிறுவர் தலையணைகளைக் கிழித்தெறிய, இறகுகளின் நடுவே அவர்களது ஊர்வலம் மெல்லியக்கத்திற் செல்கின்றது. மணியோசையால் அளந்து பிறர் நடத்திய காலத்தை அச்சிறுவர் தம்வசப்படுத்தும் கணம் அது. பிரெஞ்சுத் தணிக்கையாளர் அப்படத்தைப் பல்லாண்டுகள் தடைசெய்திருந்தமை வியப்பன்று. மாயா டெரன் தமது 1946ஆம் ஆண்டுக் குறும்படமொன்றில் நூல் சுற்றும் பெண்களின் அசைவை மெதுவாக்கினார். அன்றாட வீட்டுவேலை அங்கு சடங்காகின்றது. இவ்விருவரிடத்தும் அசைவுக்குள் மறைந்திருந்த ஒன்று வெளிப்படுகின்றது.

சாவகச்சேரியை எண்ணுக. 2000ஆம் ஆண்டுப் போரில் அந்நகர் பேரழிவுற்றது. கூரையிழந்த வீடும் தலையிழந்த பனையும் படம்பிடிப்போனை இயல்பாகவே ஈர்ப்பன. ஆயின் சுவர் அசைவதில்லை. அசையாததை மெதுவாக்கவும் இயலாது. ஆகவே அதன் முன்னே ஒரு சிறுமியை ஓடவிட்டு, அவளது கூந்தலை மிதக்கவிட நேர்கின்றது. பார்வையாளன் நெகிழ்கின்றான், வீட்டை இடித்தது எது, அதில் வாழ்ந்தோர் எங்கே என்று கேட்க மறக்கின்றான். துயரம் அழகாகிவிட்டது. இதனை நான் குறையென்றே கொள்வேன். நெகிழ்வும் ஒரு தொடக்கமே என வாதிடுவோர் உளர். பெரும்பாலும் அது தொடக்கத்திலேயே நின்றுவிடுகின்றது.

தர்மசேன பத்திராஜாவின் ‘பொன்மணி’ (1977) குறும்படமன்று. எனினும் இங்கு நினைக்கத்தக்கது. யாழ்ப்பாணத்துச் சாதியையும் சீதனத்தையும் பற்றிய அப்படத்தின் நிதானம் கமராவின் வேகத்தை மாற்றிப் பெற்றதன்று. காத்திருப்போரின் காலத்தை அதன் இயல்பான நீளத்திலேயே பார்க்கச் செய்தமையால் வந்தது.

மெல்லியக்கத்தை அறவே விலக்குக என்பதன்று என் வாதம். தென்மராட்சியில் பனையோலைப் பெட்டி இழைக்கும் மூதாட்டியின் விரல்கள் கண்ணுக்குப் பிடிபடாத விரைவில் இயங்குவன. ஓலை எங்கே மடிகின்றது, எவ்விரல் அதனை அழுத்துகின்றது என்பதை அருகிருந்து பார்ப்போனும் காணான். கமராவை மெதுவாக்க வேண்டிய இடம் அதுவே.