மலைக்கு அப்பால் மரியா

‘சவுண்ட் ஒஃப் மியூசிக்’ படத்தின் கடைசிக் காட்சி நம்மில் அநேகருக்கு நினைவிருக்கும். தகப்பனும் தாயும் ஏழு பிள்ளைகளும் மலையேறுகிறார்கள். மலைக்கு அந்தப் பக்கம் சுவிட்சர்லாந்து, அங்கே விடுதலை. பாட்டு உயர்கிறது, படம் முடிகிறது. ஆங்கில தினத்துக்குப் பிள்ளைகளைப் பழக்குகிற எங்களுக்கெல்லாம் இந்தப் படத்துப் பாட்டு ஒன்றிரண்டு மனப்பாடம்.

சால்ஸ்பேர்க்கில் அந்த மலையைத் தாண்டினால் வருவது சுவிட்சர்லாந்து அல்ல, ஜேர்மனி. அதுவும் ஹிட்லரின் மலை மாளிகை இருந்த பக்கம். உண்மையில் அந்தக் குடும்பம் 1938 இல் ரயிலேறி இத்தாலிக்குப் போனது. இந்தப் பூகோளப் பிழையை விட்டுவிடலாம், சினிமாதானே. என்னால் விட முடியாதது வேறொன்று. அந்தத் தாய் ஒரு பாட்டுக் குழுவைக் கட்டி இழுத்த கதையின் பெரும்பகுதி, படம் முடிகிற இடத்துக்குப் பிறகுதான் வருகிறது.

மரியா 1905 இல் வியன்னாவுக்குப் போகும் ரயிலில் பிறந்தவர். சின்ன வயதிலேயே தாயும் தகப்பனும் மௌத்தாகி, உறவினர் கையில் அடி உதையோடு வளர்ந்தவர். மதத்தை ஏளனம் செய்துகொண்டிருந்த பிள்ளை, ஆசிரியப் பயிற்சி முடித்த கையோடு மனம் மாறி, சால்ஸ்பேர்க்கின் நொன்பேர்க் கன்னியர் மடத்தில் சேர்ந்தார். 1926 இல், நோயால் பாடசாலை போக முடியாதிருந்த ஒரு சிறுமிக்குப் பாடம் சொல்லிக்கொடுக்க, மனைவியை இழந்த கடற்படைக் கெப்டன் கேயோர்க் வொன் ட்ரப்பின் வீட்டுக்கு மடம் அவரை அனுப்பியது. படத்தில் வருவதுபோல ஏழு பிள்ளைகளுக்கும் பொதுவான ஆயாவாக அல்ல. அடுத்த வருடம் நவம்பரில் கலியாணம். மாப்பிள்ளை 25 வயது மூத்தவர்.

1949 இல் வெளிவந்த ‘ட்ரப் குடும்பப் பாடகர்களின் கதை’ என்ற அவரது நூலையும், 1972 இல் எழுதிய ‘மரியா’ என்ற சுயசரிதையையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு படத்தைப் பார்த்தால் முதலில் உறைப்பது இந்தக் கலியாண விசயம்தான். படத்தில் அது காதல். மரியா சொல்வதோ வேறு. அவருக்குக் கெப்டன்மேல் காதல் இருக்கவில்லை, பிள்ளைகள்மேல்தான் அன்பு இருந்தது. மடத்துத் தலைவியிடம் ஓடிப்போய்க் கேட்கிறார். கலியாணம் செய்வதே இறைவனின் நாட்டம் என்று பதில் வருகிறது. அழுதுகொண்டு சம்மதிக்கிறார். கலியாண நாளன்று இறைவன்மேலேயே கோபமாக இருந்தேன் என்று பிற்காலத்தில் ஒளிக்காமல் எழுதுகிறார். காதல் பிறகு மெதுவாக வந்தது.

ஹொலிவூட்டுக்கு இது பிடிபடவில்லை. நம்மட வாசகருக்குப் பிடிபடும். கத்ர், தவக்குல் என்ற சொற்களோடு வளர்ந்தவர்கள் நாங்கள். கண்ணீரோடு ஒன்றை ஏற்றுக்கொண்டு, பிறகு அதிலேயே கைரைக் கண்ட உம்மாமாரை நாம் வீட்டுக்கு வீடு அறிவோம். (பாட்டு கூடுமா கூடாதா என்ற தர்க்கத்துக்குள் நான் இங்கே போகவில்லை. அதற்கு வேறு ஆட்கள் இருக்கிறார்கள்.) படம் மடத்தை ஒரு கூண்டாகவும் மரியாவை அதிலிருந்து பறந்த குருவியாகவும் காட்டுகிறது. நூலிலோ மடம் அவரை விட்டுப் போகவே இல்லை. குடும்பத்தையே ஒரு மடம்போலத்தான் அவர் நடத்தினார்.

நூலின் பலமான பகுதி அமெரிக்க அத்தியாயங்கள். அதற்கு முன்பே வங்கி முறிந்து கெப்டனின் செல்வம் போய்விட்டது. கெப்டன் இடிந்துபோக, மரியா வேலைக்காரரைக் குறைத்து, மாளிகை அறைகளை வாடகைக்குக் கொடுக்கிறார். அப்படி வந்து தங்கிய பாதிரியார் பிரான்ஸ் வாஸ்னர்தான் குழுவின் இசை ஆசான். படத்தில் இந்த மனிதருக்கு இடமே இல்லை. 1936 இல் சால்ஸ்பேர்க் போட்டியில் பரிசு. 1938 இல் நாஜிகள் ஒஸ்ரியாவை விழுங்கியபோது கடற்படைப் பதவி வந்தது, ஹிட்லரின் பிறந்தநாளில் பாட அழைப்பும் வந்தது. குடும்பம் கூடிப் பேசி இரண்டையும் மறுத்து நாட்டை விட்டுப் போனது.

அதன்பிறகு வருவது பஸ் பயணமும் கணக்கு வழக்கும். கர்ப்பத்தை மறைத்துக்கொண்டு மேடையில் பாடியதையும், 1939 இல் மறுபடி அமெரிக்காவில் இறங்கியபோது, விசாவோ கொஞ்ச காலத்துக்கு, ‘என்றைக்கும் இங்கேயே இருக்க ஆசை’ என்று அதிகாரியிடம் வாய்தவறிச் சொல்லி முழுக் குடும்பத்தையும் எலிஸ் தீவில் தடுத்துவைக்கச் செய்ததையும் மரியா சிரிப்போடு சொல்கிறார். மேடையில் சிரிக்கத் தெரியாத குடும்பம் என்று கச்சேரி முகவர் குறைப்படுகிறார். ஒரு நாள் பாடும்போது மரியாவின் வாய்க்குள் ஈ ஒன்று போய்விடுகிறது. நின்று, சபையிடம் ஈ விழுங்கிவிட்டேன் என்று சொல்கிறார். சபை சிரிக்கிறது. அன்றைக்குத்தான் குழுவுக்கு மேடை பிடிபட்டது. மகன்மார் இருவர் அமெரிக்கப் படைக்குப் போனபோது வாஸ்னர் பாட்டுகளைப் பெண் குரல்களுக்கு மாற்றி எழுதுகிறார். கச்சேரி நிற்கவில்லை. யுத்தம் முடிந்ததும் ஒவ்வொரு கச்சேரி முடிவிலும் ஒஸ்ரியாவின் ஏழைகளுக்காகக் கையேந்துகிறார். சனங்கள் தகர உணவும் உடுப்பும் கொண்டுவந்து குவிக்கிறார்கள். 1947 இல் கணவர் இறந்த பிறகும் குழு ஓடியது. இவ்வளவும் ஹொலிவூட் படத்தில் ஏறவில்லை. மரியா கதையின் உரிமையை ஜேர்மன் தயாரிப்பாளருக்குச் சுமார் 9,000 டொலருக்கு விற்றுவிட்டார். 1965 இல் படம் உலகை வென்று ஐந்து ஒஸ்கார்களை அள்ளியபோது பெரும் இலாபம் அவர் கைக்கு வரவில்லை.

இதோடு நிறுத்தினால் நானும் ஒரு நினைவு மலர்க் கட்டுரை எழுதியவனாவேன். நம்மட சமூகத்தில் மர்ஹூம்கள் பற்றி வருகிற மலர்களைப் புரட்டினால் எல்லோரும் இன்முகம் கொண்டவர்கள், பொறுமையின் சிகரங்கள். வீட்டில் குரல் உயர்த்திய ஒருவரைக்கூடக் காண முடியாது. மரியாவின் 1949 நூலிலும் இந்தக் குறை உண்டு. அதில் அவர் தவறுவதில்லை. தவறினாலும் அந்தத் தவறு வேடிக்கையாகி, கடைசியில் இறைவன் அவர் பக்கமே தீர்ப்புச் சொல்கிறான். வாசித்துக்கொண்டு போக, இறைவனின் நாட்டம் எது, மரியாவின் நாட்டம் எது என்று பிரித்தறிவது கஷ்டமாகிறது. பிள்ளைகள் குரல்களாக வருகிறார்கள், தனித்தனி மனிதர்களாக வருவது குறைவு.

மற்றப் பக்கத்தை மூத்தாள் பிள்ளைகளே சொன்னார்கள். படம் வாப்பாவை விசில் ஊதி அதட்டுகிற கல் மனசுக்காரராகக் காட்டியதுதான் அவர்களுக்குப் பெரிய நோவு. அந்த விசில் உண்மைதான், பெரிய தோட்டத்தில் விளையாடும் பிள்ளைகளைக் கூப்பிட. ஆனால் அவர் மென்மையானவர். மரியா வருவதற்கு முன்பே அந்த வீட்டில் வாத்தியமும் பாட்டும் இருந்தன. மூத்த மகள் அகாதே முதுமையில் ஒரு நினைவு நூலே எழுதி இதை நேர்செய்யப் பார்த்தார். கெப்டனின் பாத்திரத்தைக் கொஞ்சம் இளக்கச் சொல்லி மரியாவும் படக்காரரிடம் கேட்டார். கேட்பாரில்லை. படத்தில் இனிமையெல்லாம் மரியாவுக்கும் கடுமையெல்லாம் கெப்டனுக்கும் போனது. வீட்டில் நடந்ததோ பெரும்பாலும் தலைகீழ். கோபம் வந்தால் மரியா கத்துவார், பொருளை எறிவார், கதவை அறைந்து சாத்துவார், அடுத்த நிமிடம் அன்பாகிவிடுவார். கடந்துபோகும் இடிமழையாக அதை எடுத்துக்கொண்டோம் என்ற பொருளில் இன்னொரு மகள் பேசியிருக்கிறார்.

இப்படி வெளியே சொன்னதைச் சிலர் நன்றிகெட்டதனம் எண்டு சொல்லக்கூடும். நான் அப்படி நினைக்கவில்லை. அந்தக் கோபக்காரியைத் தவிர வேறொருவராலும், மொழி தெரியாத நாட்டில், பத்துப் பிள்ளைகளையும் ஒரு பாதிரியாரையும் வாத்தியப் பெட்டிகளையும் பஸ்ஸில் ஏற்றி ஊரூராகக் கொண்டுபோயிருக்க முடியாது. படத்தில் வருகிற அந்தத் தேன்குரல் பிள்ளையால் நிச்சயமாக முடியாது. ஆனால் அதே கைதான் பிள்ளைகளை இறுக்கியும் பிடித்தது. ஒரு மகளின் கலியாணத்துக்கே அவர் குறுக்கே நின்றார். குழுவில் ஒரு குரல் குறைந்தால் கச்சேரி குறையும் என்ற கணக்கும் தாய்ப் பாசமும் அங்கே ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கின்றன.

1956 இல் குழு கலைந்தது. மரியா சில பிள்ளைகளோடு பப்புவா நியூகினிக்கு ஊழியம் செய்யப் போனார், பிறகு வேர்மொன்ட் பண்ணைக்குத் திரும்பி 1987 இல் இறந்தார். குழு கலைந்தபோது அகாதேக்கு நாற்பது கடந்திருந்தது. அவர் மேரிலண்டுக்குப் போய், சிநேகிதி ஒருவரோடு சேர்ந்து சின்னப் பிள்ளைகளுக்கு ஒரு பாலர் பாடசாலை நடத்தினார்.