தொடாமல் திரும்புகிறவனின் விலை

தருமபுரி மாவட்டத்துக் கபடி ரசிகர்கள் ஒரே பையனை இரண்டு காரணம் சொல்லித் திட்டிக்கொண்டிருக்கிறார்கள். ரெய்டு போனால் பாதி நேரம் யாரையும் தொடாமல் திரும்பி வருகிறான் என்பது முதல் புகார். அணி நீட்டிய ஒப்பந்தத்தில் இன்னும் கையெழுத்துப் போடவில்லை என்பது இரண்டாவது. முதலாவதற்குப் பயம் என்று பெயர் வைத்திருக்கிறார்கள், இரண்டாவதற்குப் பேராசை என்று. இரண்டுமே தவறான வாசிப்பு என்பது என் கட்சி. பையன் பெயரும் அணியின் பெயரும் இங்கே வராது. பேச்சு நடந்துகொண்டிருக்கும்போது பெயரை வெளியே இழுத்தால் நஷ்டப்படப் போவது பத்தொன்பது வயதுக்காரன்தான்.

முதலில் ஆட்டத்தைப் பார்ப்போம், பணம் அப்புறம்.

கடைசி மூன்று நிமிடம், கையில் நான்கு புள்ளி முன்னிலை என்று வைத்துக்கொள்ளுங்கள். பின்தங்கிய அணி அவசரத்தில் இருக்கும். அதன் ரைடர் 15 நொடியில் போய்த் திரும்பிவிடுவார். நம் பக்கத்து ரைடரும் அதே வேகத்தில் பாய்ந்து 10 நொடியில் மாட்டிக்கொண்டால், ஒரு சுற்றுக்கு 25 நொடி. மூன்று நிமிடத்தில் எதிரணிக்கு ஏழு ரெய்டு கிடைக்கும். நம் ரைடர் 30 நொடியையும் முழுசாகத் தின்றுவிட்டு வந்தால் ஒரு சுற்றுக்கு 45 நொடி. எதிரணிக்கு நான்கே ரெய்டு. மூன்று ரெய்டுகளை எதிரணியின் கையிலிருந்து பிடுங்கியாயிற்று. ஸ்கோர் பலகையில் அதற்கு ஓர் எண்ணும் ஏறாது.

இதில் சிக்கல், மூன்றாவது ரெய்டு. அணி தொடர்ந்து இரண்டு முறை புள்ளியில்லாமல் வெறும் ரெய்டு போனால் மூன்றாவது 'டூ ஆர் டை'. புள்ளி எடுக்காவிட்டால் ஆள் வெளியே. இங்கேதான் இந்தப் பையன் மற்றவர்களிடமிருந்து பிரிகிறான். கடைசிக் கட்டம் தொடங்குவதற்குச் சற்று முன்பு, எதிரில் ஆறேழு பேர் நிற்கும்போது, ஒரு போனஸ் புள்ளியைத் திருடிக்கொண்டு வந்துவிடுவான். வெறும் ரெய்டுக் கணக்கு பூஜ்யத்துக்குத் திரும்பிவிடும். அடுத்த இரண்டு ரெய்டில் யாரும் அவனை அவசரப்படுத்த முடியாது. மூன்றாவதுக்குத் தான் போகாமல், பிடிபட்டாலும் பரவாயில்லை என்று நினைக்கும் ஒரு கவர் ஆட்டக்காரரை அனுப்பச் சொல்லி பெஞ்சைப் பார்ப்பான். போனால் ஒரு புள்ளி, ஓர் ஆள். தலைமை ரைடர் களத்திலேயே நிற்பார். இது ஏதோ ஒருமுறை தற்செயலாக நடந்தது அல்ல. அவன் ஆடும் ஒவ்வொரு நெருக்கமான ஆட்டத்திலும் இந்த எண்ணிக்கை ஓடுவதை, அவன் கண் எத்தனை முறை கடிகாரத்துக்குப் போகிறது என்பதிலிருந்தே கண்டுபிடிக்கலாம்.

எதிரில் மூன்று பேர் நிற்கும்போது அவன் ஆடுவதையும் பாருங்கள். கூட்டம் "ஆல் அவுட், ஆல் அவுட்" என்று கத்தும். அங்கே பிடிபட்டால் சூப்பர் டேக்கிள், எதிரணிக்கு இரண்டு புள்ளி, கூடவே ஓர் ஆள் உள்ளே வந்துவிடுவார். நல்ல நல்ல ரைடர்கள் இந்த இடத்தில்தான் ஆட்டத்தைக் கைமாற்றிக் கொடுத்திருக்கிறார்கள். இவன் பாக் கோட்டைத் தாண்டி ஒரு கால் வைப்பான், இடது கார்னரை ஒருமுறை உசுப்புவான், வலது பக்கம் போவான், திரும்பிவிடுவான். நடுக்கோட்டிலிருந்து பாக் கோடு 3.75 மீட்டர். அந்தத் தூரத்தைத் தாண்டி, கணுக்காலுக்குப் பாய ஆயத்தமாக நிற்கிறவர்களின் நடுவில் அரை நிமிடம் உலாவிவிட்டு உடம்பில் ஒரு கைகூடப் படாமல் வருவதைப் பயம் என்று சொல்கிறவர்கள், ஒருமுறை மேட் விரிப்பில் ஏறிப் பார்க்க வேண்டும்.

அவன் வெறும் ரெய்டிலிருந்து இன்னொன்றும் கொண்டுவருகிறான். எந்தக் கார்னர் முதலில் பாய்கிறார், எந்தச் சங்கிலியில் பிடி தளர்ந்திருக்கிறது, யாருக்கு மூச்சு வாங்குகிறது என்ற தகவல். திரும்பி வந்ததும் தலைமை ரைடரின் காதில் இரண்டு சொல் சொல்வான். அடுத்த ரெய்டில் தலைமை ரைடர் நேராக அந்த இடத்துக்குப் போய்த் தொட்டுவிட்டு வருவார். தொட்ட புள்ளி அவர் கணக்கில் ஏறும். பாராட்டும் அவருக்கே. அவர் நல்ல ரைடர்தான், அதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் போன பருவத்தில் அவர் எடுத்த தொடுபுள்ளிகளில் ஒரு பங்கு இந்தப் பையனின் கண்ணிலிருந்து பிறந்தது என்று அடித்துச் சொல்வேன்.

நம் மாவட்டத்துக் கூட்டம் ஏன் இதைப் பார்ப்பதில்லை என்பதற்கும் காரணம் இருக்கிறது. பாலக்கோட்டிலும் அரூரிலும் பாப்பிரெட்டிப்பட்டியிலும் பொங்கலுக்கும் மாரியம்மன் பண்டிகைக்கும் நடக்கிற மின்னொளிப் போட்டிகளில் வளர்ந்த கண்கள் நம்முடையவை. ஒலிபெருக்கியில் ஒருவர், "இந்த ரெய்டுல புள்ளி எடுத்தா ஊர்ப் பெரியவர் சார்பா ஐந்நூறு ரூபா!" என்று அறிவிப்பார். தொட்டால் காசு, பிடித்தால் காசு. தொடாமல் வருகிறவனைப் பார்த்து, "என்னடா, சும்மா போயிட்டு சும்மா வர்ற?" என்று ஓரத்திலிருந்து குரல் வரும். மண்ணில் ஆடிய அந்தக் காலத்துச் சடுகுடுவில் மூச்சுதான் கடிகாரம். முப்பது நொடியும் கிடையாது, 'டூ ஆர் டை'யும் கிடையாது. அந்த ஆட்டத்தில் சும்மா திரும்புவதைத் திட்டியதில் நியாயம் இருந்தது, ஏனென்றால் அது நேரத்தைச் சாகடித்தது. மேட் விரிப்பில் ஆடும் 40 நிமிட ஆட்டத்தில் நேரமும் ஓர் ஆட்டக்காரர்தான். நம் கண் இன்னும் மண்தரையில் நிற்கிறது.

இனி ஒப்பந்தம். அணி அவனைத் தற்போதைய தொகைக்குச் சற்று மேலே, மூன்று பருவத்துக்கு ஒரே விலையில் கட்ட நினைக்கிறது. அவன் ஒரு பருவம் போதும் என்கிறான். முழங்கால் போனால் அறுவைச் சிகிச்சைச் செலவையும் அந்தப் பருவத்துச் சம்பளத்தையும் எழுத்தில் கொடுங்கள் என்று கேட்கிறான். இவ்வளவுதான் இழுபறி. கோடிக்கணக்கில் கேட்கிறான் என்று ஊரில் உலவும் கதையில் சத்து இல்லை.

பேச்சு எங்கே முட்டிக்கொண்டது என்றால், மேசைமேல் வைக்கப்பட்ட ஒரு தாளில். ரெய்டு எத்தனை, புள்ளி எடுத்த ரெய்டு எத்தனை, சதவீதம் எத்தனை. வெறும் ரெய்டு ஒவ்வொன்றும் அந்தச் சதவீதத்தைக் கீழே இழுக்கிறது. அணியே போகச் சொன்ன ரெய்டு, அணியின் முன்னிலையைக் காத்த ரெய்டு, விலை பேசும்போது அவனுக்கு எதிரான சாட்சியாக மாறுகிறது. இதைவிட அநியாயம் எனக்குத் தெரியவில்லை. பயிற்சியாளர் ஒரு வேலையைக் கொடுக்கிறார், கணக்கு எழுதுகிறவர் அதே வேலைக்குச் சம்பளத்தை வெட்டுகிறார்.

அணியின் வாதத்தையும் சொல்லிவிடுகிறேன். தங்க இடம் கொடுத்தோம், சாப்பாடு கொடுத்தோம், பிசியோ வைத்தோம், வளர்ந்த பிறகு வேறு அணி தூக்கிக்கொண்டு போனால் நாங்கள் எதற்கு வளர்க்க வேண்டும் என்கிறார்கள். நியாயமான கேள்வி. ஆனால் அவனை முதலில் வளர்த்தது அரசுப் பள்ளி மைதானமும், சாயங்காலம் வீட்டுக்குப் போகாமல் நின்ற ஒரு பி.டி. சாரும். அந்தக் கணக்கை யாரும் மேசைக்குக் கொண்டுவருவதில்லை. வளர்த்த செலவுக்கு ஒரு பருவம் கூடுதலாகக் கேட்டால்கூட நான் ஒத்துக்கொள்வேன். மூன்று பருவம் என்பது கபடி ரைடரின் முழங்காலுக்கு மிக நீண்ட காலம்.

வீட்டு நிலைமையையும் மறக்கக் கூடாது. நம் பக்கத்தில் மழை பொய்த்தால் பெங்களூருக்குக் கட்டட வேலை, இல்லையென்றால் திருப்பூர் பனியன் கம்பெனி. கபடி ஆடுகிற பையனின் அப்பா அம்மாவுக்கு ஒரே கனவு, விளையாட்டு ஒதுக்கீட்டில் ஓர் அரசு வேலை. தமிழக அரசுப் பணிகளில் விளையாட்டு வீரர்களுக்கு 3 சதவீத ஒதுக்கீடு இருக்கிறது. ரயில்வே, காவல்துறை, வங்கி அணிகளும் ஆள் எடுக்கின்றன. மூன்று பருவம் ஒரே இடத்தில் கட்டுண்டு கிடந்து, நடுவில் கால் உடைந்தால், இந்தக் கதவுகளும் சேர்ந்து சாத்திக்கொள்ளும். இதையெல்லாம் யோசிக்கிற பையனைப் பேராசைக்காரன் என்பது மனசாட்சி இல்லாத பேச்சு.

ஏலம் வந்த பிறகு எல்லாருக்கும் கோடி என்ற எண்ணமும் இந்தக் கோபத்துக்குப் பின்னால் இருக்கிறது. புரோ கபடி 2014-ல் தொடங்கியது. ஒரு வீரரின் விலை ஒரு கோடியைத் தொட்டதே 2018 ஏலத்தில்தான். அண்மை ஏலங்களில் ஓர் அணியின் பையில் 5 கோடி. கடைசிப் பிரிவில் அடிப்படை விலை 9 லட்சம். ஒருவருக்கு இரண்டு கோடிக்கு மேல் கொட்டிவிட்டால் மீதியை ஒன்றரை டஜன் பேர் பங்கு போட வேண்டும். அந்தப் பங்கில் நசுங்குகிறவர்கள் இந்தப் பையனைப் போன்றவர்கள்: இரண்டாவது, மூன்றாவது ரைடர்கள், தொடாமல் வேலை செய்கிறவர்கள். ஏலத்தில் வீரருக்கு வாய் கிடையாது. ஒப்பந்தத் தாள் முன்னால் இருக்கும்போது மட்டும்தான் அவன் கையில் ஏதோ இருக்கிறது. அது அவனுடைய கையெழுத்து.

கையெழுத்தை நிறுத்திவைத்தவர்களை நாம் முன்பும் தப்பாகப் படித்திருக்கிறோம். 2010 ஜனவரியில் புனே முகாமில் இந்திய ஹாக்கி வீரர்கள் நிலுவைப் பணம் கேட்டுப் பயிற்சிக்குப் போக மறுத்தார்கள். டெல்லியில் உலகக்கோப்பைக்கு இரண்டு மாதம்கூட இல்லை. நாட்டை மறந்துவிட்டார்கள் என்று அன்றைக்கும் சிலர் கொதித்தார்கள். சில நாட்களில் பணத்துக்கு வழி பிறந்தது, வீரர்கள் மைதானத்துக்குத் திரும்பினார்கள்.

வட அமெரிக்கப் பனி ஹாக்கியில் இதற்கு ஒரு கெடுவே இருக்கிறது. முதல் ஒப்பந்தம் முடிந்து, உரிமை இன்னும் அணியின் கையில் இருக்கிற இளம் வீரர் டிசம்பர் 1-க்குள் கையெழுத்திடாவிட்டால் அந்தப் பருவம் முழுக்க ஆட முடியாது. 2018-ல் ஒரு கனடிய அணியின் இளைஞர் முதல் இரண்டு மாதங்கள் வீட்டில் உட்கார்ந்துவிட்டு, கெடு முடியச் சில நிமிடங்கள் இருக்கும்போது ஆறு ஆண்டுக்குக் கையெழுத்திட்டார். திரும்பி வந்த பருவத்தில் அவருக்குக் கோல் அதிகம் வரவில்லை. "பணம் வாங்கிவிட்டான், ஆட்டம் போய்விட்டது" என்றார்கள் அங்கேயும். அந்த ஒப்பந்தம் முடிவதற்குள் அதே அணி அவரை இன்னும் எட்டு ஆண்டுக்கு, முன்பைவிடப் பெரிய தொகைக்கு வைத்துக்கொண்டது. காத்திருந்தவரின் கணிப்பு சரியாக இருந்தது. காத்திருந்த காலத்தில் ஆட்டத்தின் லயம் போனதும் உண்மைதான். நம் பையனுக்காக எனக்கு இருக்கும் ஒரே கவலை அதுதான். அவன் ஆட்டம் முழுக்க லயத்தில் நிற்பது. தொடுவதைத் தனியாகப் பயிற்சி செய்யலாம். ஏழு பேரின் காலைப் படிப்பதற்கு ஏழு பேர் எதிரில் நிற்க வேண்டும். அதனால், முகாமுக்குப் போகாவிட்டாலும் ஊர் அணியோடாவது தினமும் இறங்கு என்று அவனுக்குச் சொல்வேன்.

என்ன நடக்கும்? என் கணிப்பைப் பதிவு செய்துவிடுகிறேன். முகாம் தொடங்கி இரண்டாவது வாரத்துக்குள் அணி இறங்கி வரும். மூன்று பருவம் இரண்டாகும், இரண்டாவது பருவத்துக்குத் தொகை ஏறும். முழங்கால் பிரிவை எழுத்தில் கொடுப்பார்கள். அதைக் கடைசிவரை இழுப்பார்கள், ஆனால் கொடுப்பார்கள். தொகையில் அவன் கேட்டது முழுசாகக் கிடைக்காது. கிடைத்ததை வாங்கிக்கொண்டு அவன் போவான், போக வேண்டும்.

பிடிவாதம் பிடித்து அவனில்லாமல் பருவத்தைத் தொடங்கினால், முதல் ஐந்து ஆட்டத்தில் இரண்டிலாவது கடைசி நான்கு நிமிடத்தில் கையிலிருந்த முன்னிலையை விடுவார்கள். தலைமை ரைடர் ஓய்வே இல்லாமல் ஒன்று விட்டு ஒரு ரெய்டு போவார், பருவத்தின் நடுவில் அவர் வேகம் குறையும். எதிரணிக் கார்னர்கள் அவருக்காக முன்னால் ஏறி நிற்பார்கள், அவர்களைப் பின்னால் தள்ள ஆள் இருக்காது. மாற்றாகச் சதவீதம் அழகாக இருக்கிற ஒருவரைக் கொண்டுவருவார்கள். அவர் தொடுவார், கைதட்டல் வாங்குவார், மூன்று பேர் நிற்கும்போது உள்ளே பாய்ந்து இரண்டு புள்ளியைக் கொடுத்துவிட்டு வெளியே உட்காருவார்.

இன்னும் மூன்று நான்கு ஆண்டுகளில் ஏதாவது ஓர் அணி வெறும் ரெய்டைத் தனியாக எண்ணத் தொடங்கும்: எத்தனை நொடி தின்றான், எந்த ஸ்கோரில் தின்றான், அடுத்த ரெய்டில் யார் புள்ளி எடுத்தார் என்று. அந்தத் தாளை முதலில் தயாரிக்கிற அணி, 9 லட்சத்துக்குக் கிடைக்கிற பையன்களை வைத்துக்கொண்டு அரையிறுதிக்குப் போகும். அப்போது நம் பையனுக்கு இருபத்திரண்டு, இருபத்துமூன்று வயது. இப்போது மூன்று பருவத்துக்கு ஒரே விலை என்று கையெழுத்துப் போட்டால், அந்தச் சந்தை திறக்கும்வரை அவன் பழைய விலையிலேயே ஆடிக்கொண்டிருப்பான்.