கண்டதும் கொண்டதும்

வானில் அடையாளம் தெரியாத ஒளியைக் கண்டோரின் கூற்றுகளைத் திரட்டி ஆராயும் ஆர்வலர்கள் உலகெங்கும் உளர். அவர்களை எள்ளி நகையாடுதல் எளிது. எனினும், அவர்தம் முயற்சியைத் திறனாய்வுக்கு உட்படுத்துவதே தமிழாசிரியர்க்கு ஏற்புடையது. ஏனெனில், இத்துறையில் முதற்பிழை பெரும்பாலும் கண்ணில் நிகழ்வதன்று, சொல்லில் நிகழ்வது.

1947 ஜூன் 24ஆம் நாள், அமெரிக்க விமானி கென்னத் ஆர்னால்டு ரெய்னியர் மலையருகே ஒன்பது பொருள்கள் விரைந்து சென்றதைக் கண்டதாகக் கூறினார். நீர்ப்பரப்பில் வீசிய தட்டுத் தத்திச் செல்வதுபோல் அவை சென்றன என்பது அவர் தந்த உவமை. அது இயக்கத்தைக் குறித்தது. செய்தித்தாள்களோ அதனை வடிவமாகக் கொண்டு ‘பறக்கும் தட்டு’ என்ற பெயரைப் பரப்பின. தொல்காப்பிய நெறியில் சொன்னால், வினையுவமம் மெய்யுவமமாகத் திரிந்துவிட்டது. அதன்பின் மக்கள் வானில் தட்டுகளையே காணலாயினர்.

நம் நாட்டிலும் இத்தகைய செய்திகள் உண்டு. 1970 ஆகஸ்டில் புக்கிட் மெர்தாஜாமைச் சேர்ந்த பள்ளிச் சிறுவர் சிலர், சிறு தட்டளவான கலம் ஒன்று தரையிறங்கியதாகவும், மூன்று அங்குல உயர உருவங்கள் அதிலிருந்து வெளிவந்ததாகவும் கூறினர். இத்தகைய நிகழ்வுகளைத் தொகுத்தோருள் அகமட் ஜமாலுதீன் குறிப்பிடத்தக்கவர். அவ்வுழைப்பு இல்லையேல் இவை வாய்மொழியாகவே கரைந்திருக்கும். ஆயினும், தொகுப்பு வேறு, சான்று வேறு. ஒரு சிறுவன் கூறியதைக் கேட்டபின் மற்றவன் கூறுவது தனிச்சான்றாகாது. தனித்தனியே வினவுதல் ஆய்வாளரின் முதற்கடன்.

2012இல் லடாக் எல்லையில் இந்தியப் படைவீரர்கள் மீண்டும் மீண்டும் ஒளிகளைக் கண்டு, உளவுக் கலங்களோ என ஐயுற்றனர். விண்மீன்களோடு ஒப்பிட அவ்வொளிகள் எவ்வாறு நகர்கின்றன என்ற வினாவிலிருந்து வானியலார் தொடங்கினர். அவை வெள்ளியும் வியாழனுமே என்பது 2013இல் வெளியாயிற்று. ஆலன் ஹெண்ட்ரி 1979இல் வெளியிட்ட நூலில், தாம் ஆராய்ந்த ஏறத்தாழ 1,300 நிகழ்வுகளுள் பத்தில் ஒன்பதுக்கு இயல்பான விளக்கம் கண்டார். எஞ்சியவை விளக்கம் கிட்டாதவை மட்டுமே. வேற்றுலகச் சான்றுகள் ஆகா.

இதனை நான் கற்றது என் தவற்றினால். சில ஆண்டுகளுக்கு முன் லூபோக் சீனாவில், மாணவன் ஒருவன் தன் கட்டுரையில், செம்பனைத் தோட்டச் சாலையில் தந்தையின் மோட்டார் சைக்கிளைப் பேரொளி ஒன்று துரத்தி வந்ததாக எழுதியிருந்தான். ‘பொய்’ எனச் சிவப்பு மையால் குறித்தேன். அவ்வாரமே, இரவு எட்டு மணியளவில், அதே சாலையில் மேற்கு வானத்து வெள்ளிக்கோள் மரங்களினூடே என்னுடனும் ஓடிவந்தது! அருகிலுள்ள மரங்கள் பின்னோக்கிச் செல்ல, நெடுந்தொலைவிலுள்ள ஒளி திசைமாறாது நிற்பதால் தோன்றும் மயக்கம் அது. மாணவன் பொய்யுரைக்கவில்லை. ‘துரத்தியது’ என்னும் ஒரு சொல்லே கண்டதைக் கடந்து சென்றது. மறுநாள் என் திருத்தத்தை நானே திருத்தினேன்.

விடியுமுன் பெரட்டுக்குச் சென்ற நம் முன்னோர் விடிவெள்ளியை நன்கறிந்திருந்தனர். நம் மாணவர்க்கு அவ்வறிமுகம் குறைந்து வருகிறது. ஆகவே, வியப்புடன் வரும் மாணவனை அடக்காமலும், அவன் கூற்றை ஊதிப் பெருக்காமலும், எந்நேரம், எத்திசை, எவ்வளவு நேரம் என வினவுவோம். இறுதியாக, நீ கண்டது எது, கருதியது எது என்றும் கேட்போம். இவ்வினா வானுக்கு மட்டுமன்று, நாம் வாசிக்கும் ஒவ்வொரு வரிக்கும் உரியது.